அழுத டேக்

கரண்ட் போனதும் மாடிவீட்டு டி.வி., பக்கத்து வீட்டு மிக்ஸி, கீழே தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கி, வளசரவாக்கத்தின் அந்தச் சந்து முழுக்க இருட்டு வந்து உட்கார்ந்த பிறகு டெல்ஃபினுக்கு அந்தச் சத்தம் கேட்டது. யாரோ ஒருவரின் தொண்டையைப் பிடித்து நெரித்து, போனால் போகிறதென்று விட்டு, மறுபடி நெரிப்பது போல. க்ஹ், க்ஹ், பிறகு ஒரு நீண்ட இழுப்பு. பூனையாக இருக்கும் என்று நினைத்தாள், பூனை இப்படிக் கத்தாது என்றும் கூடவே நினைத்தாள், குழந்தையோ என்று நினைத்தபோது எழுந்தேவிட்டாள். ஏழு மாதக் குழந்தைக்கு மூச்சில் சளி கட்டினால் இப்படித்தான் வருமாமே, யார் சொன்னது, யாரும் சொல்லவில்லை, போனில் பார்த்தது. செல்போன் வெளிச்சத்தை உள்ளங்கையால் மூடி விரல் சந்து வழியாக மட்டும் ஒளி விட்டு, தூளிச் சேலையை விலக்கிப் பார்த்தாள். இவானா வாயைத் திறந்து, உலகத்தில் ஒரு குறையும் இல்லாதவள் போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படியானால் பின்பக்கம். குளியலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி போன மழையில் விழுந்து உடைந்ததிலிருந்து, அந்த ஓட்டை வழியாக ஒரு கை நுழைவதை அவள் தினமும் ஒரு தடவையாவது மனசுக்குள் பார்த்துவிடுகிறாள், கையில் இருக்கிற ரோமம்கூடத் தெரியும், ஒரு விரலில் மோதிரம் இருக்கும். புருஷன் ஜோஸ்வினிடம் சொன்னபோது சிரித்தான். கப்பலில் வேலை பார்க்கிறவனுக்கு ஜன்னல் பயம் எப்படித் தெரியும், சுற்றிலும் தண்ணீர், திருடன் நீந்தியா வருவான். சமையலறைக்குப் போனாள், சத்தமும் வந்தது. குளியலறைக் கதவைக் காலால் தள்ளினாள், சத்தம் அங்கேயும் அதே தூரத்தில், அதே காதோரத்தில். எங்கே போனாலும் தன்னோடு கூடவே நடந்து வருகிற சத்தம் என்று புரிந்தபோது மாதாவே என்று பாதி ஜெபம் வாய்க்குள்ளேயே நின்றது, கை தானாகக் கழுத்துக்குப் போனது. கழுத்தில் ஹெட்போன். நிறுத்த மறந்த லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்க, கம்பியில்லாத அந்த இரண்டு கிண்ணங்களுக்குள்ளிருந்து மலர் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மலர் என்பது அவள் பேரில்லை. அவள் பேர் டெல்ஃபினுக்குத் தெரியாது, ஊர் தெரியாது, முகத்தைப் பார்த்ததில்லை. படத்தில் வரப்போவது இரண்டு கைகள் மட்டும், முருங்கைக்கீரை ஆய்கிற கைகள், நகத்தோரம் பச்சை ஏறிய, நரம்பு புடைத்த, ஐம்பது வயதுக் கைகள். முகம் வேண்டாம், குரலும் வேண்டாம், நடந்த கதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அந்த அம்மாள் நம்பி சாரைத் தன் வீட்டுக்குள் விட்டாளாம். அருள்நம்பி சார் மூன்று வருஷமாக எடுத்துக்கொண்டிருக்கிற ஆவணப்படம் அது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் காலைக் காட்சிகளில் ஓடிய, ஆண்கள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு போய்ப் பார்த்த பிட்டுப் படங்களில் நடித்த பெண்களைப் பற்றியது. குரலை மெஷினில் போட்டு மாற்றினால் பேய் பேசுகிற மாதிரி இருக்கிறது, தியேட்டரில் ஒன்று சிரிக்கிறான் இல்லை பயப்படுகிறான், எனக்கு ஒரு மனுஷிக் குரல் வேண்டும் என்று நம்பி சார் தேடியபோது யாரோ டெல்ஃபினைச் சொன்னார்கள். குழந்தை பிறந்த பிறகு டப்பிங் தியேட்டருக்குப் போக முடியாமல் வீட்டிலேயே, சுவர் அலமாரியின் கதவுகளைத் திறந்து வைத்து, தொங்குகிற சேலைகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தி, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு பேசி அனுப்புகிறவள். கரண்ட் போனால் ஊருக்குக் கஷ்டம், அவளுக்கு வேலை நேரம். மோட்டார் இல்லை, மிக்ஸி இல்லை, ஃபேன் இல்லை, லேப்டாப்பில் உயிர் இருக்கிறவரைக்கும் அப்படியொரு அமைதி காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆனால் அந்த அமைதிதான் பயமாகவும் இருக்கிறது. அமைதியில்தான் கை நுழைகிறது. அமைதியில்தான் இந்த அம்மாள் இப்படிச் சிரிக்கிறாள், தொண்டைக்குள் எதுவோ சிக்கி, சிக்கினது மேலேறி, மூக்கு வழியாக உடைந்து, க்ஹ், க்ஹ். "என்னையும் பேரை மாத்திப் போடப்போறீங்களாக்கும் தம்பி? மலருங்களா? நல்லாத்தான் இருக்குதுங்க. அப்பவும் அவங்களாத்தான் பேர் வச்சாங்க, ரெண்டு படத்துல ரெண்டு பேரு, ஒண்ணு வடக்கத்திப் பேரு, எனக்கே வாய்ல நொழையாது." க்ஹ். டெல்ஃபின் ஹெட்போனைக் காதுக்கு ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். வெங்காயக் கதை வருகிற இடம். நம்பி சாரின் கேமராக்காரர், அந்த அம்மாள் கைக்கு வேலை வேண்டுமென்று சின்ன வெங்காயத்தை ஒரு முறத்தில் கொண்டுவந்து முன்னால் வைத்திருக்கிறார். "அட சாமி, இதை அந்தப் பக்கம் தூக்கி வைங்க. வெங்காயத்தை உரிச்சா கண்ணுல தண்ணி வரும், நீங்க அழுவுறேன்னு போட்டுருவீங்க. கீரை கெடக்குது பாருங்க, அதை ஆய்றேன்." யாரோ ஓர் ஆண் சிரிக்கிறான், அது நம்பி சார்தான், அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும், மரியாதையான சிரிப்பு.

முதலில் இந்தச் சத்தமே அவளிடம் இல்லை, அதுதான் தப்பு, தப்பு அங்கேதான் ஆரம்பித்தது, அங்கே என்றால் எங்கே, தட்டச்சு செய்த தாள் வந்தபோதா, தாளைப் பார்த்துப் பேசியபோதா. நம்பி சாரின் உதவியாளர் யாரோ அந்த அம்மாளின் பேச்சைக் கேட்டு, ஊர் தெரிந்துவிடக் கூடாதென்று அவளுடைய 'ங்க'வையும் 'சாமி'யையும் எடுத்துவிட்டு, பொதுவான தமிழில் அடித்து அனுப்பியிருந்தார். சிரிப்பைத் தாளில் எப்படி அடிப்பது? அடிக்கவில்லை. அன்றைக்கு நான் நிஜமாகவே அழுதேன், நிறுத்துங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன், கேமராக்காரர் நிறுத்தவில்லை, பிரமாதமான நடிப்பு என்று டைரக்டர் கைதட்டினார், அந்த ஒரு துண்டைத்தான் ஊர் ஊராக ஓட்டினார்கள், பாட்டை வெட்டுவார்கள், சண்டையை வெட்டுவார்கள், அதை மட்டும் வெட்ட மாட்டார்கள். இவ்வளவுதான் தாளில். அதைப் படிக்க உட்கார்ந்த சாயங்காலம் இவானாவுக்குத் தடுப்பூசி போட்ட காய்ச்சல், ஜோஸ்வினின் கப்பல் ஏதோ கடலுக்குள் போய்ப் பதினோரு நாளாகப் போன் இல்லை, தூத்துக்குடியிலிருந்து ஜோஸ்வினின் அம்மா, அவள் மாமி, போன் பண்ணி, "பிள்ளைக்குப் பால் பத்தாம இருக்குமா இருக்கும், நீ அந்த மைக்குல கத்திக்கிட்டே கெடந்தா பால் எங்கிட்டு ஊறும்" என்று சொல்லி வைத்திருந்தாள், மார்பு இரண்டும் கல்லாகக் கனத்தது. நிறுத்துங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன் என்கிற இடத்தில் வந்துவிட்டது. அழுகை என்றால் எப்படிப்பட்ட அழுகை, மைக்கைக் கட்டிக்கொண்டு, சேலைகளுக்குள் முகத்தைப் புதைத்து, வார்த்தை வார்த்தையாக நனைந்து. துடைத்துக்கொண்டு மறுபடி சுத்தமாகப் பேசி அனுப்பலாம் என்றுதான் இருந்தாள். குழந்தை அழுதது. அவசரத்தில் அதையே அனுப்பிவிட்டாள். நம்பி சார் அன்று ராத்திரியே கூப்பிட்டார், அவர் குரலும் உடைந்திருந்தது. "டெல்ஃபின், என்னம்மா இப்படிப் பண்ணிட்டே. எடிட் ரூம்ல ஒருத்தன் எழுந்து வெளிய போயிட்டான். படம் இதுதான். இதைச் சுத்தித்தான் இனி படம்." அவளுக்குப் பெருமையாக இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம், பெருமையாகத்தான் இருந்தது, ஜோஸ்வினிடம் சொல்ல ஆளில்லாமல் இவானாவிடம் சொன்னாள், அம்மா அழுதேன்டி, நல்லா அழுதேன்னு சொல்லிட்டாங்கடி.

அழுவது அவளுக்குப் பழைய வேலை. கான்வென்டில் தபசு காலத்தில் சிலுவைப்பாதை நாடகம் போடும்போது எட்டாம் ஸ்தலத்தில், சிலுவை சுமந்து போகிற ஆண்டவரைப் பார்த்து அழுகிற பெண்களில் முன்னால் நிற்பவள் எப்போதும் அவள்தான். அழ வேண்டாம் என்று ஆண்டவர் சொல்வார், சொன்ன பிறகும் அழ வேண்டும், "அவர் சொன்னா சொல்லட்டும், நீ நிறுத்தாத, டெல்ஃபின், ஜனங்க உன்னைத்தான் பாக்குறாங்க" என்று சிஸ்டர் பெர்னதெத் திரைக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொடுப்பார். சிரிப்புக்குத்தான் அவரிடம் சட்டம் இருந்தது. பல் தெரியாமல். சத்தம் வராமல். கையை வாய்க்கு முன்னால் வைத்து. பல் தெரியச் சிரிக்கிற பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று சிஸ்டர் சொல்ல மாட்டார், நிறுத்திக்கொள்வார், அந்த நிறுத்தத்திலேயே எல்லாம் விளங்கிவிடும். சிரிப்பு ஒரு மாதிரிப் பெண்ணுடையது, அழுகை நல்ல பெண்ணுடையது. இப்போது இந்த இருட்டில் போர்வைக்குள் உட்கார்ந்து யோசிக்கும்போது அது ஒரு பூட்டு மாதிரித் தெரிகிறது, எந்தப் பக்கத்திலிருந்து பூட்டினது என்றுதான் தெரியவில்லை.

கையசைவுக்கும் பேச்சுக்கும் நேரம் பொருந்த வேண்டுமென்று போன வாரம்தான் அசல் சத்தத்தை அனுப்பினார்கள். அதைக் கேட்ட பிறகுதான் இந்தத் தூக்கம் போனது. "அன்னிக்கு நெசமாலுமே அழுதுட்டனுங்க தம்பி," கீரைக் காம்பு ஒடிகிற சத்தம், "கையெடுத்துக் கும்புட்டேன், அவன் நிறுத்துல. சண்டையை வெட்டுவாங்க, அதை மட்டும் வெட்டமாட்டாங்க. சில ஊர்ல ரெண்டாந்தடவை போடச் சொல்லிக் கத்துவாங்களாமா!" அங்கேதான் அந்தச் சிரிப்பு, க்ஹ், க்ஹ், பிறகு அந்த நீண்ட இழுப்பு, சிரிப்புக்குப் பின்னால் தாளில் இல்லாத ஒரு வாக்கியம். "அதுக்கப்பறம் கேமரா முன்னால அழுவறதில்லைன்னு வச்சுக்கிட்டனுங்க. அழுதா அதையும் வித்துப்போடுவாங்க." வித்துப்போடுவாங்க. டெல்ஃபின் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது, சோறு வடிக்கும்போது, காதில் ஒன்றும் மாட்டாதபோதும் கேட்டது. இந்த வாக்கியம் ஏன் தாளில் வரவில்லை? நம்பி சாரிடம் கேட்டதற்கு, நீளம்மா, நீளம் அதிகமாகப் போகுது என்றார். பொய்யா? பொய் சொல்கிற மனிதரில்லை அவர். குழந்தைக்கு ஆறாம் மாதச் சோறு ஊட்டியபோது வெள்ளிக் கிண்ணம் வாங்கி வந்தவர், அந்த அம்மாளின் பையன் வேலைக்கு இரண்டு இடத்தில் சொல்லி வைத்தவர். அந்தப் பழைய படத்துக் கேமராக்காரனும் ஒருவேளை நல்லவனாக இருந்திருப்பானோ? வீட்டுக்குப் பழம் வாங்கிப் போகிறவனாக? அன்றைக்கு நிறுத்தாமல் விட்டதற்கு அவனிடமும் ஒரு காரணம் இருந்திருக்கும், ஃபிலிம் வீணாகிவிடும், வெளிச்சம் போய்விடும், ஏதோ ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைக்காமல் இருக்கத்தான் இவ்வளவு சுற்றி வருகிறாள். பேட்டியின் கடைசிப் பக்கம், கீரை முடிந்து முறத்தைத் தட்டுகிற இடம். "அந்தப் படத்துலயும் என் கொரலு இல்லீங்க தம்பி. குளிக்கிற சீன்ல மொகம் என்னுது, ஒடம்பு வேற ஒருத்தியோடது, எங்கியோ தனியா எடுத்து ஒட்டுனது, கொரலு இன்னொரு புள்ளையோடது. மூணு பேத்தையும் சேத்து ஒரு பொம்பளையாக்கி ஓட்டுனாங்க. மத்த ரெண்டு பேத்தை நான் பாத்ததே இல்லீங்க. நான் நெசமா அழுதேன் பாருங்க, அதுக்குங்கூட அந்தக் கொரலுப் புள்ளைதான் இருட்டு ரூம்புல என்னைப் பாத்துப் பாத்து அழுதிருக்கும். பாவம், வீட்டுக்குப் போயிப் புள்ளைக்குச் சோறூட்டியிருக்கும்." இந்த இடத்தில் மலர் சிரிக்கவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் நம்பி சார் போன் பண்ணியபோது டெல்ஃபின் கடைசியில் கேட்டேவிட்டாள். "சார், அவங்க சிரிக்கறாங்களே சார்." அந்தப் பக்கம் டிராஃபிக் சத்தம். "தெரியும்மா. நான் எதிர்லதானே உக்காந்திருந்தேன்." "அப்ப நானும் சிரிச்சுத்தானே பேசணும்?" அவர் வண்டியை ஓரமாக நிறுத்துவது கேட்டது. "இங்க பாரு, அந்தச் சிரிப்பு என்ன சிரிப்புன்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். உள்ள உக்காந்திருக்கற முந்நூறு பேருக்குத் தெரியுமா? 'பாருடா, இவ அனுபவிச்சிருக்கா'ன்னு ஒருத்தன் சொன்னா போதும், முடிஞ்சுது. நான் அவங்களைக் காப்பாத்தத்தான் பாக்கறேன். அந்த அழுகைல ஒரு ரெண்டு வரி மட்டும் கொறையுது, அதை அதே மாதிரி அழுது பேசிக் கொடுத்துரு. நானே ராத்திரி வந்து வாங்கிக்கறேன், காலையில பட விழாவுக்கு அனுப்பணும்." அவர் சொல்வது நியாயம்தானே? நியாயம்தான், அதுதான் தொண்டையில் நிற்கிறது, முழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. அவளுக்கே முதலில் அப்படித்தான் தோன்றியது, முதல் தடவை அசலைக் கேட்டபோது, ஒரு கணம், சீ, எப்படிச் சிரிக்க முடிகிறது என்று. அந்த சீயைச் சொன்னது யார், சிஸ்டர் பெர்னதெத்தா, மாமியா. முந்நூறு பேரில் முதல் ஆள் அவளேதான். அழுதால் எல்லோருக்கும் நல்லது. மலருக்கு நல்லது, படத்துக்கு நல்லது, டெல்ஃபினுக்கு எல்லோரையும்விட நல்லது, ஏனென்றால் அது டெல்ஃபினின் குரல். நகைக்கடை விளம்பரத்தில் மருமகளாகப் பேசுகிற குரல், கார்ட்டூன் அணில், மாடிவீட்டுப் பொடியன் அவளை வழியில் பார்த்தால் அணில் ஆன்ட்டி என்பான். பிட்டுப் படத்துக் கதையை அணில் அழுதுகொண்டு சொன்னால் பாவம் என்பார்கள், சிரித்துக்கொண்டு சொன்னால்? கோயிலில் பாட்டுக்குழுவில் பக்கத்தில் நிற்கிறவள் என்ன சொல்வாள், ஜோஸ்வினின் அக்கா கேட்டுவிட்டு யாருக்குப் போன் பண்ணுவாள். அந்தப் பயத்தில்தானே டைட்டிலில் தன் பேரைப் போட வேண்டாம் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டாள், அவரும் உடனே, கொஞ்சம் ரொம்பவே உடனே, சரிம்மா என்றார். ஜோஸ்வினிடம்கூட வேலைக்குப் போகிற பெண்களைப் பற்றிய படம் என்றுதான் சொல்லியிருக்கிறாள், அது பொய்யுமில்லை.

லேப்டாப்பில் உயிர் குறைந்துகொண்டு வந்தது. போர்வையை இழுத்துவிட்டு, மைக்கைத் திறந்து, அந்த இரண்டு வரியை அழுது பார்த்தாள். வரவில்லை. ஆச்சரியமாக இருந்தது, அழுகை வராமல் போவது அவளுக்கு வாழ்க்கையில் முதல் தடவை, குழாயைத் திறந்தால் காற்று வருகிற மாதிரி. சரி, சிரித்துப் பார்ப்போம். அணில் சிரிப்பு வந்தது. நகைக்கடை மருமகளின் சிரிப்பு வந்தது, வளையல் குலுங்குகிற மாதிரி, இரண்டு சொட்டு. பல் தெரியாமல் ஒன்று வந்தது. செல்போன் விளம்பரத்தில் சிநேகிதியாகச் சிரித்தது வந்தது. எல்லாம் அலமாரியில் மடித்து வைத்த சிரிப்புகள், எடுத்து உதறிப் போட்டுக்கொள்ளலாம், எதுவும் மலரின் உடம்புக்குப் பொருந்தாது. தன் சொந்தச் சிரிப்பு எப்படி இருக்கும்? கடைசியாக எப்போது சிரித்தாள்? கப்பலுக்குப் போவதற்கு முந்தின நாள் ஜோஸ்வின் இவானாவின் குல்லாயைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு நின்றபோது சிரித்தாள், அதன் சத்தம் நினைவில் இல்லை, குல்லாய் மட்டும் நினைவிருக்கிறது. அந்தக் குரல் புள்ளை, அவள் எப்படி அழுதிருப்பாள், திரையில் நிஜமாக அழுகிற ஒருத்தியின் வாயைப் பார்த்துப் பார்த்து, சத்தம் மட்டும் இல்லாமல் அழுகிற வாய், அதற்குள் தன் சத்தத்தைக் கொண்டுபோய் வைத்து, ஓகே அடுத்தது என்று சொன்னதும் அடுத்த துண்டுக்கு. அவளும் தன் வீட்டுக் கஷ்டத்தை நினைத்துத்தான் அழுதிருப்பாள். எல்லாரும் அப்படித்தானே அழுகிறோம். அப்படியானால் ஊர் ஊராக ஓடினது யாருடைய அழுகை? இங்கே நினைப்பு நின்றுவிட்டது, இசைத்தட்டில் கீறல் விழுந்த இடம் மாதிரி திரும்பத் திரும்ப, யாருடையது, யாருடையது, அப்போது கதவு தட்டப்பட்டது, மெதுவாக, குழந்தை இருக்கிற வீட்டில் தட்டுகிற மாதிரி.

நம்பி சார்தான். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தைத் தரையில் சாய்த்துப் பிடித்து, ஒரு தேங்காய் பன் பொட்டலத்தை நீட்டினார். "பாப்பா தூங்குதா? நீ சாப்ட்டியா முதல்ல?" குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். இன்னும் இல்லை சார் என்றாள், சாப்பாட்டைச் சொன்னாளா, பேசிப் பதிய வேண்டிய டேக்கைச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டும் இல்லைதான். "என்னால அழ முடியல சார்." "பரவால்ல, பரவால்ல. ஒரு நாள் வரும் ஒரு நாள் வராது. பழைய டேக்லயே எங்கயாவது ஒட்டி எடுத்துக்கறோம்." ஒட்டி. டெல்ஃபின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அது அவங்களோட அழுகை இல்ல சார். என்னோடது." "அதான்மா சொல்றேன், அவ்ளோ உணர்ந்து..." "உணர்ந்தெல்லாம் இல்ல சார். அன்னிக்கு எனக்குப் பால் கட்டிக்கிட்டு வலி. அவர் போன் பண்ணல. பிள்ளைக்குக் காய்ச்சல். அதுக்கு அழுதேன். நீங்க அதை எடுத்து அவங்க வாயில வைக்கறீங்க. அவங்க அழ மாட்டேன்னு சொன்னதை வெட்டிட்டு." தான் பேசுகிறோம் என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் காதில் விழுந்தது, மைக் இல்லாமல், யாருடைய வசனமும் இல்லாமல். கீழே எங்கோ ஒரு நாய் காதை உதறிக்கொண்டது. "தப்பா நெனச்சுட்டே டெல்ஃபின். நான் யாரையும் விக்கல." "வித்துப்போடுவாங்கன்னு அவங்கதான் சார் சொன்னாங்க. டைட்டில்ல என் பேரைப் போடுங்க சார். மலருக்குக் குரல் டெல்ஃபின்னு, பெருசா. அழுதது யாருன்னு தெரியட்டும்." "நீதானே வேணாம்னே?" "இப்ப வேணும்." "பேரைப் போட்டா எல்லாம் விழுந்துரும்மா, அது அவங்களே பேசற மாதிரி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கேயே நின்றார். சொன்னதைத் திரும்ப வாய்க்குள் இழுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறவர் போல உதட்டைத் துடைத்தார். "அவங்களேன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல," என்றார். "இல்லன்னும் சொன்னதில்ல சார்." ஹெல்மெட்டை அந்தக் கக்கத்திலிருந்து இந்தக் கக்கத்துக்கு மாற்றினார். "சரி. சிரிச்சே பேசி அனுப்பு. அந்த வெட்டுன வரியையும் சேத்து. கேக்கறேன்." பிறகு, "கேக்கறேன்னுதான் சொல்றேன், போடறேன்னு சொல்லல. பேரை நெனச்சுப் பாத்துட்டு சொல்லு, உன் வீட்டுல கேக்கணும்ல." "கேட்டா சொல்லிக்கறேன் சார்." மாமியின் முகமும் பாட்டுக்குழுக்காரியின் முகமும் வந்து நின்றன, ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

அவர் படியிறங்கினார். பாதி படியில் அவர் போன் அணைந்துபோயிற்று போல, எதன் மேலோ இடித்துக்கொள்கிற சத்தம், யார் வீட்டுச் சைக்கிளோ சரிந்தது. "டெல்ஃபின், கொஞ்சம் லைட் அடிம்மா, ஒண்ணும் தெரியல." அவள் எட்டிப் பார்த்துத் தன் செல்போன் வெளிச்சத்தைக் கீழே அடித்தாள். அது நேரே போய் அவர் முகத்தில் விழுந்தது. நரைத்த தாடி, சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிக்கொண்ட ஜோல்னாப் பை, பெரிதாக விரிந்த கண்கள். மூன்று வருஷமாக ஊர் ஊராகப் போய் எத்தனையோ பெண்களை வெளிச்சத்தில் உட்கார வைத்த நம்பி சார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ, மூஞ்சில அடிக்காதம்மா, மூஞ்சில அடிக்காத," என்றார். டெல்ஃபினின் தொண்டையில் எதுவோ சிக்கியது. வெளிச்சத்தைப் படிக்குத் திருப்பினாள், அவர் பையை விடுவித்துக்கொண்டு போய்விட்டார், கேட் மூடிக்கொண்டது, சிக்கினது போகவில்லை, மேலேறியது, மூக்கு வழியாக உடைந்தது, க்ஹ், க்ஹ், நிறுத்தப் பார்த்தாள், பல் தெரிந்தது, சத்தம் வந்தது, கையை வாய்க்குக் கொண்டுபோக நினைத்தாள், ஒரு கையில் பன், ஒரு கையில் போன், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு தோள் குலுங்கக் குலுங்க அது அவளை விட்டு வந்துகொண்டே இருந்தது. எதிர் வீட்டுக் கதவு திறந்து மெழுகுவர்த்தியோடு சாவித்திரியக்கா தலையை நீட்டினாள். "என்னாச்சு டெல்ஃபின்? யாரு வந்துட்டுப் போனது? ஏம்மா அழற?" "அழலக்கா." "பின்ன?" "சிரிக்கிறேன்கா." சாவித்திரியக்கா மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் உயர்த்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இருட்டுல தனியா நின்னா? புள்ள பெத்த உடம்பு, உள்ள போ, போய் மந்திரிச்சுக்க." அதற்கும் சிரிப்பு வந்தது. கரண்ட் வந்துவிடப் போகிறது, மோட்டார் போட்டுவிடுவார்கள், லேப்டாப் செத்துவிடும், இது அதற்குள் அடங்கிவிடும், அடங்குவதற்குள் மைக்குக்குப் போய்விட வேண்டும், அடங்குவதற்குள் என்று உள்ளே வந்து, பன்னைத் தரையில் வைத்துவிட்டு, இன்னும் குலுங்குகிற கையால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.